பொன்விழா நகர் அடைகாத்த வருடம்

உலகம் முழுக்க மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் முடங்கிய அந்தப் பங்குனி மாதத்தில், நாமக்கல்லுக்குத் தெற்கே லாரிப் பட்டறைகளெல்லாம் முடிகிற இடத்தில் இருக்கும் பொன்விழா நகரின் நடுவே, வாங்கினவர் வீடு கட்டாமல் விட்டதால் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த காலி மனையில், ஒரு நாள் விடிந்தபோது ஒரு முட்டை இருந்தது. லாரியின் கேபின் உயரத்துக்கு இருந்தது. தேன் நிறத்தில், செம்மண்ணைக் கரைத்துத் தெளித்தது போன்ற புள்ளிகளோடு, யாரோ அலுங்காமல் இறக்கி வைத்துவிட்டுப் போனது போல ஒருக்களித்துக் கிடந்தது. அதன் அடியில் நசுங்கின செடிகளில் இன்னும் பச்சை வாசனை வந்துகொண்டிருந்தது.

முதலில் பார்த்தவள் கோகிலவாணி. ஊரிலேயே பெரிய விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் நடத்துகிறவள். பள்ளியைப் பூட்டின வாரமே போன் வழியாக வகுப்பு ஆரம்பித்துவிட்டதால், எட்டு மணிக்குள் துணியைக் காயப்போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று ஈர வாளியோடு பின்வாசலுக்கு வந்தவள், கொடியின் மேல் நேற்றுவரை இல்லாத ஒரு நிழல் விழுந்திருப்பதைக் கண்டு, இனிமேல் காலைத் துணி மதியத்துக்கு மேல்தான் காயும் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் வாளியைக் கீழே வைத்தாள். சுற்றுச்சுவரைத் தாண்டிப் போய்க் கையை நீட்டித் தொட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போலச் சுட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, வீட்டுக்குள் வந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, ஒளி விலகலைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தாள்.

பத்து மணிக்குள் நகர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த நாட்களில் எது வந்தாலும் முதலில் மருந்தடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் பழகியிருந்ததால், நகராட்சி ஆள் வந்து முட்டையைச் சுற்றிப் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார். பெண்கள் நாலைந்து பேர் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். கும்பல் சேர்ந்திருக்கிறது என்று தகவல் போய் வந்த போலீஸ்காரர் வண்டியை விட்டு இறங்காமலே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முட்டையப் பாக்கறதுன்னா மாஸ்க் போட்டுப் பாருங்க, ஒருத்தரு மேல ஒருத்தரு உளுகாதீங்க" என்று சொல்லி, சுண்ணாம்பால் மண்ணில் வட்டங்கள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். படமெடுத்து அனுப்பாதவர்கள் இல்லை. ஆனால் பார்த்தவர்களெல்லாம் இந்தக் காலத்தில் எதைத்தான் கம்ப்யூட்டரில் செய்ய முடியாது என்று சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்கள். நேரில் வந்து பார்க்கலாம் என்றால் மாவட்டத்துக்கு மாவட்டம் இ-பாஸ் கேட்டார்கள். அப்படியாக உலகம் அந்த முட்டையைப் பொன்விழா நகருக்கே விட்டுவிட்டது. சித்திரை பிறப்பதற்குள் காய்கறி வண்டிக்காரர் அதன் நிழலில் வண்டியை நிறுத்த ஆரம்பித்திருந்தார். வழி கேட்டவர்களுக்கு, "முட்டைக்கு எதுத்தாப்பல ரெண்டாவது வீடு" என்று சொன்னார்கள்.

எங்கிருந்து வந்தது என்ற பேச்சு ரொம்ப நாள் ஓடவில்லை. உயிர் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. அதற்குப் பதில் சொன்னவர் மயில்சாமி. கோழியால் நோய் பரவுகிறது என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியில் பண்ணையையே காலிசெய்துவிட்டு, வெறும் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவர். முட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, காதை வைத்துக் கேட்டு, வைத்த காதை எடுக்காமலே கண் கலங்கினார்.

"இருக்குதுங்க டீச்சர்" என்றார் கோகிலவாணியிடம். "உள்ளுக்குள்ள இருக்குதுங்க."

ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும், வெயில் ஏறுவதற்கு முன்னாலும் தாழ்ந்த பின்னாலும் திருப்பிவிட வேண்டும் என்று அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எப்படித் திருப்புவது என்பதுதான் தெரியவில்லை. ஆண்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். எங்கோ கீறல் விழுவது போல ஒரு சத்தம் கேட்டதும் எல்லோரும் பயந்து கையை எடுத்துவிட்டார்கள்.

கோகிலவாணியின் மகள் பிரகதி இதையெல்லாம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அம்மாவின் பள்ளியில்தான் படித்தாள். ஒன்பது முடிந்து பத்து. பள்ளியில் சேர்ந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் பஸ் ஏறுவதற்கு முன் வாந்தி எடுப்பாள். பஸ் நின்றபின் வாந்தி நின்றது, ஆனால் போனைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் விரல் நெற்றிக்குப் போய் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கியதில், அவளுடைய இடது புருவம் பாதி காணாமல் போயிருந்தது. கோகிலவாணி அந்தப் பாதிப் புருவத்துக்கு மை எழுதிவிட்டாள். பிரகதியின் அப்பா நல்லசிவம் தன் லாரிப் பட்டறை மூடிக் கிடக்கிற சோர்வில் அதைக் கவனிக்கவில்லை.

அந்தப் பெண் அன்றைக்குப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். "அப்பா, பட்டறையில பழைய டியூப்பெல்லாம் இருக்குதுங்களா?"

"எதுக்கு?"

"அதுக்கடியில சுத்தியும் வெச்சுக் காத்தடிச்சா மெதுவா எந்திரிக்குமுங்க. அப்பறம் ஒரு பக்கம் காத்த எறக்கி, மறுபக்கம் அடிச்சா, அதுவே திரும்புமுங்க. நாம யாருமே அதத் தொட வேண்டாம்."

நல்லசிவம் மகளைப் பார்த்தார். லாரி டயர்களின் உள் டியூப்புகள் பட்டறைக்குப் பின்னால் மலையாகக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் நகரின் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு டியூப்பை உருட்டிக்கொண்டு வந்தார்கள். முட்டையின் அடியில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துச் செருகினார்கள். கைப்பம்பும் கால்பம்புமாக அடிக்க அடிக்க, பல மாதம் படுத்திருந்த நோயாளி தலையணையிலிருந்து எழுந்து உட்காருவது போல, முட்டை தன் பாரத்தையெல்லாம் காற்றின் மேல் வைத்துவிட்டு எழுந்தது. ஒரு பக்கம் பெருமூச்சு விட்டது, மறுபக்கம் மூச்சை இழுத்தது, மெல்ல, மிக மெல்ல, இத்தனை நாள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த தன் முதுகை வானத்துக்குக் காட்டித் திரும்பியது. யாரும் கைதட்டவில்லை. கோவிலில் திரை விலகும்போது நிற்பது போல நின்றார்கள்.

அடுத்த நாள் எட்டு மணி வகுப்பில் கோகிலவாணி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள், அதில் பெயர்கள், பெயருக்குப் பின்னாலிருந்து தூக்கக் கலக்கத்தில் "யெஸ் மேம்". மகளின் பெயரிலிருந்து சத்தமே வரவில்லை. நிமிர்ந்தாள். சன்னலுக்கு வெளியே அவள் மகள் கால்பம்பின் மேல் ஏறி நின்று, முழு உடம்பின் எடையையும் கொடுத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தபடியே கோகிலவாணி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

வகுப்பிலிருந்து முதலில் பிள்ளையை நிறுத்தியவள் பர்வீன், பக்கத்து வீடு. புருஷன் லாரியோடு அஸ்ஸாமில் மாட்டிக்கொண்டிருந்தார். மகன் சுஹைல் அதே பள்ளியில் ரெண்டாம் வகுப்பு. பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றிரண்டு சொல்லில் நிறுத்தியிருந்தவன்.

"டீச்சரக்கா, நாளையிலருந்து சுஹைல் கிளாசுக்கு வரமாட்டான்" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஏன் பர்வீன், நெட்டு வர்றதில்லையா?"

"நெட்டு நல்லாத்தான்க்கா வருது. அவன்தான் வரல." பர்வீன் சுவரோரம் நெருங்கி வந்தாள். "காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் அதும்மேல காத வெச்சிட்டு உக்காந்திருக்கான்க்கா. நேத்து சோறு ஊட்டறப்ப சொல்றான், 'அம்மா, அதுக்கு விக்கல் எடுக்குது'ங்கறான். முழுசா ஒரு வாக்கியம்க்கா. அவனாவே சொன்னது. நான் எப்படி அவன அங்கருந்து எழுப்பறது?"

கோகிலவாணி டீச்சராக என்ன சொல்ல வேண்டுமோ அதையெல்லாம் சொன்னாள். வருடம் வீணாகும், அடிப்படை போய்விடும், பின்னால் பிடிக்க முடியாது. பர்வீன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் சுஹைல் வகுப்புக்கு வரவில்லை.

அவனுக்குப் பின்னால் இன்னொரு வீடு, அதற்குப் பின்னால் இன்னும் ரெண்டு. பிரகதியும் வகுப்பில் உட்காருவதை விட்டுவிட்டாள். வேலையோடு பெங்களூரிலிருந்து வீடு திரும்பியிருந்த ஒருவர், இப்படிப் பள்ளியும் இல்லாமல் பாடத்திட்டமும் இல்லாமல் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டு வளர்ப்பதற்கு வெளிநாட்டில் 'அன்ஸ்கூலிங்' என்று பெயரே இருக்கிறது என்றார். அந்தச் சொல் யார் வாயிலும் நிற்கவில்லை. "உங்க பொண்ணு இப்ப எங்க போறா?" என்று கேட்டால், "முட்டைக்குப் போறாளுங்க" என்றார்கள். அதுவே பெயராயிற்று. இவன் பள்ளிக்குப் போகிறான், அவன் முட்டைக்குப் போகிறான்.

முட்டைக்குப் போன பிள்ளைகளெல்லாம் மேதைகளாகிவிடவில்லை. ஒரு பையன் மூன்று மாதம் நண்பகல் வரை தூங்கினான், அவன் அம்மா அழுதுகொண்டே அவனைத் தூங்கவிட்டாள். இரண்டு பேர் காலையிலிருந்து மாலைவரை சண்டை போட்டார்கள். ஒரு வீட்டில் பயந்துபோய்ப் பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஆனால் மழை வந்தபோது முட்டை குளிர்ந்துவிடாமல் இருக்க எந்தச் சாக்கு எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று பார்த்தவர்கள் பிள்ளைகள்தான். சாக்கின் மேல் எவ்வளவு தண்ணீர் தெளித்தால் ஓடு காயாது என்று கண்டுபிடித்தவர்களும் அவர்கள்தான். மயில்சாமியின் கொட்டகையிலிருந்து குஞ்சுக்கு வெக்கை காட்டுகிற பல்புகளைக் கழற்றி வந்து, கம்பி இழுத்து, ஷாக் அடித்து, திரும்ப இழுத்து மாட்டினார்கள். கூகுளில் தேடிப் பார்த்தார்கள். கிடைக்காதபோது அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பர்வீனின் புருஷன் தினமும் சாயங்காலம் அஸ்ஸாமிலிருந்து கூப்பிட்டு, மனைவியை விசாரித்த கையோடு முட்டையையும் விசாரித்தார்.

"டாக்டராகணும்னு சேத்துனது. இப்ப டியூப்புக்குக் காத்தடிச்சிட்டு இருக்கறா" என்றார் நல்லசிவம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே. டியூப்பைக் கொடுத்தவரும் அவர்தான் என்பதை அவர் மறந்திருந்தார், அல்லது மறக்க விரும்பினார்.

பிரகதி தட்டிலிருந்து நிமிரவில்லை. "அம்மா, அது உள்ள எப்படீங்க மூச்சு விடுது?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அதன் வழியே வாயு உள்ளே போகும், வெளியே வரும். ஒரு மதிப்பெண் கேள்விக்கான விடை அப்படியே நாக்கின் நுனியில் வந்து நின்றது. சொல்லவில்லை. சாப்பிட்ட கையோடு எழுந்து வெளியே போய், மாலை வெயிலில் முட்டையின் ஓட்டுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். நெடுநேரம் அப்படியே நின்றாள். ஓட்டிலிருந்து மிக மெல்லிய வெக்கை ஒன்று வந்து அவள் கண்ணாடியை மூடுபனி போல மூடியது, விலகியது, மறுபடி மூடியது. அது தன்மேல் மூச்சு விடுகிறது என்று அவளுக்குப் புரிந்தபோது, இத்தனை காலம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டின ஒரு விஷயம் முதன்முதலாக அவளுக்கு நடந்தது.

ஆவணியில் மயில்சாமிக்குக் காய்ச்சல் வந்தது. சேலத்துக்குக் கொண்டு போனார்கள். அவர் திரும்ப வரவில்லை, உடம்பும் வரவில்லை. சாம்பல் மட்டும் ஒரு சின்னப் பானையில் வந்தபோது, அவர் வீட்டு வாசலில் கூடினவர்கள் அழுவதற்குக்கூட ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்க முடியாமல் அங்கேயும் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டங்களுக்குள் தனித்தனியாக நின்று அழுதார்கள். பிள்ளைகள் அன்றும் வெயில் ஏறுவதற்கு முன் முட்டையைத் திருப்பிவிட்டார்கள். பம்பின் சத்தம் மட்டும் தெருவெல்லாம் கேட்டது.

அதற்கப்புறம்தான் சுஹைல் ஒரு நாள் முட்டையிலிருந்து காதை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

"ஒண்ணும் கேக்கல" என்றான். அவ்வளவுதான். அப்புறம் பழையபடி பேச்சை நிறுத்திவிட்டான்.

நகர் பயந்தது. மருந்து கண்டுபிடிக்காத ஒரு நோய்க்குப் பயந்து பயந்து மரத்துப்போன ஜனங்கள், அந்த ஓட்டுக்குள் இருப்பதற்கு ஏதாவது ஆகியிருந்தால் தங்களால் தாங்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆண்களும் பெண்களும் மாற்றி மாற்றிக் காது வைத்தார்கள். சூடு இருந்தது. சத்தம் இல்லை.

"பாத்தரலாமுங்கப்பா" என்றாள் பிரகதி. "பண்ணையில முட்டைய வெளக்குக்கு முன்னால புடிச்சுப் பாப்பாங்கல்லங்க, அந்த மாதிரி."

"இத எந்த வெளக்குல கண்ணு புடிக்கறது?"

கேட்டுவிட்டு நல்லசிவமே நிறுத்தினார். தன் பட்டறை வாசலில் பாடி கட்டி முடித்தும் எடுத்துப்போக ஆள் வராமல் வரிசையாக நின்ற லாரிகளை நினைத்துப் பார்த்தார். மகளுடைய இரண்டு புருவமும் முழுசாக இருப்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று பிற்பாடு கோகிலவாணியிடம் சொன்னார்.

கார்த்திகை மாதம், விளக்கு வைக்கும் நேரம். முட்டைக்கு ஒரு பக்கத்தில் லாரிகள் நெருக்கி நின்றன. மறுபக்கத்தில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, அதற்குள் ஜனங்கள். அதே நேரத்துக்குக் கோகிலவாணிக்குப் பள்ளியிலிருந்து சந்தேக வகுப்பு போட்டிருந்தார்கள். அன்று மதியம்தான் தாளாளர் போனில் கூப்பிட்டு, உங்கள் சொந்த மகளே வகுப்பில் இல்லை, உங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் இல்லை, பெற்றோர்கள் எங்களைக் கேட்கிறார்கள், திங்கள்கிழமைக்குள் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அவள் தார்ப்பாய்க்குள் ஒரு மூலையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்று, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கறுப்புச் சதுரங்களிடம் கேட்டாள். யாருக்கும் இல்லை.

நல்லசிவம் கையை உயர்த்தினார். லாரிகள் எல்லாம் ஒன்றாகக் கண்ணைத் திறந்தன.

முட்டை உள்ளிருந்து சிவந்தது. முதலில் பழுத்த மாதுளையின் நிறம். பின்பு கங்கின் நிறம். அதற்குள் ரத்தக்குழாய்கள், ஆறும் ஓடையும் வாய்க்காலுமாகப் பிரிந்து பிரிந்து ஒரு நாட்டின் வரைபடம் போல ஓடு முழுக்கப் பரவியிருந்தன. அந்த ஆறுகளெல்லாம் போய்ச் சேருகிற இடத்தில் மடங்கி, ஒடுங்கி, தன் காலைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய நிழல் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒன்று சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது. விரியும்போதெல்லாம் அத்தனை ஆறுகளிலும் ஒரு அலை ஓடிக் கரையைத் தொட்டுத் திரும்பியது. சுஹைல் அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கினான். "தூங்குது" என்றான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அதான் கேக்கல."

கோகிலவாணி என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. போனைத் திருப்பிக் கேமராவை முட்டைக்கு நேராகப் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு சதுரம் வெளிச்சமானது. பரமத்தியிலோ ராசிபுரத்திலோ ஏதோ ஒரு அறையிலிருந்து, எண்ணெய் வைக்காத தலையோடு ஒரு பையனின் முகம். பக்கத்தில் இன்னொரு சதுரம். அதன் கீழே இன்னொன்று. எத்தனையோ மாதமாக அவள் பெயர்களாக மட்டுமே தெரிந்துவைத்திருந்த பிள்ளைகள், ஒவ்வொருவராகத் தங்கள் இருட்டிலிருந்து வெளியே வந்து, வாயைத் திறந்தபடி, அந்தச் சிவப்பு வெளிச்சம் முகத்தில் விழ, பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேம்," என்றது ஒரு குரல், "அதுக்குத் தெரியுமா மேம், நம்ம பாக்கறது?"

"மேம், அது எப்ப மேம் வெளிய வரும்?"

"மேம், கொஞ்சம் இடதுபக்கம் காட்டுங்க மேம்."

சந்தேகங்கள் தீரவே இல்லை.

மறுநாள் காலை தாளாளர் கூப்பிட்டார். "அது பாடத்துல இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார்."

"பரீட்சைக்கு வருமா?"

"வராதுங்க சார்."

"பின்ன எதுக்குக் காட்டுனீங்க?"

"பசங்க மொகத்தக் காட்டுனாங்க சார்" என்றாள் கோகிலவாணி. அது பதில் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்த மாதத்தோடு அவளுக்கு வேலை இல்லை. வேலை போன அன்று அவள் நாள் முழுக்க அழுதாள், மாலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் கால்பம்பின் மேல் ஏறி நின்றாள்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்ததும் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பள்ளிகள் திறக்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. திறக்கிற அன்று வராத பிள்ளைகளுக்குப் பெயர் இருக்காது என்று பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. நல்லசிவம் மகளின் சீருடையைத் தானே இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அன்று விடிகாலையில் கோகிலவாணி மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ என்ன கண்ணு நெனைக்கற?"

பிரகதி திரும்பிப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"எனக்கு டாக்டராகணுமா என்னன்னு தெரியலீங்கம்மா. பரீட்சை எழுதணும்னா எழுதுவேன், தனியாக்கூட எழுதுவேன். ஆனா அந்த பஸ்ஸு ஹாரன நெனச்சா இப்பவே வயித்தப் பொரட்டுது. அது ஒண்ணுதான் எனக்கு நல்லாத் தெரியுது."

கோகிலவாணி நாற்காலியில் தொங்கிய சீருடையை எடுத்தாள். மடித்தாள். அலமாரியின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கூடத்தில் நின்றிருந்த நல்லசிவம் அதைப் பார்த்தார். "சரி" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வெளியே சுஹைல் கத்துகிற சத்தம் கேட்டது.

பள்ளி பஸ்கள் மாதக்கணக்கில் நின்றிருந்த தூசியோடு நெடுஞ்சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்ற அதே நேரத்தில், முட்டையின் மழுங்கின முனையில் நட்சத்திரம் போல ஒரு விரிசல் விழுந்தது. பஸ்ஸுக்காகச் சீருடையில் நின்ற பிள்ளைகள் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். டிரைவர்கள் பஸ்ஸை அணைத்துவிட்டு வந்தார்கள். உள்ளே ஏதோ முட்டிக்கொண்டது, இளைப்பாறியது, திரும்ப முட்டியது. வெயில் நன்றாக ஏறின பிறகு ஓட்டின் ஒரு துண்டு கதவு போலத் திறந்து விழுந்தது. அதன் வழியாக ஈரத்தில் ஒட்டின தூவிகளோடு ஒரு தலை, அப்புறம் முடிவே இல்லாதது போல ஒரு கழுத்து, அப்புறம் தடுமாறித் தடுமாறி, ரெண்டு முறை விழுந்து, மூன்றாவது முறை எழுந்து, ஒரு பறவை வெளியே வந்து பொன்விழா நகரின் மண்ணில் நின்றது. இன்ன பறவை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மஞ்சளும் சாம்பலுமான ஈரம். அதன் கண் ஒவ்வொன்றும் ஒரு குடத்தின் வாயளவு, கறுப்பாக, அதற்குள் எல்லோரும் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள்.

அது கோழி வளர்க்கிற ஊர். குஞ்சு கண் திறந்ததும் எதை முதலில் பார்க்கிறதோ அதையே தாயென்று நம்பிப் பின்னாலேயே போகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. யாரைப் பார்க்கும்? காது வைத்தவனையா, காற்றடித்தவளையா, வெளிச்சம் பிடித்தவரையா? ஒவ்வொருவரும் அது தன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தார்கள்.

பறவை எல்லோரையும் பார்த்தது. ஒரு முகம் விடாமல், அவசரம் இல்லாமல் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி, காற்று வருகிற பக்கம் கொஞ்ச நேரம் முகத்தை வைத்திருந்துவிட்டு, நடக்க ஆரம்பித்தது. யார் பின்னாலும் போகவில்லை.

ஜனங்கள்தான் அதன் பின்னால் போனார்கள். சீருடைப் பிள்ளைகளும், சீருடை இல்லாத பிள்ளைகளும், மயில்சாமியின் மனைவியும், பஸ் டிரைவர்களும், வழியில் பட்டறைகளிலிருந்து வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தவர்களுமாக, மாஸ்க் போட்ட ஒரு நதி போலப் போனார்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் ஓரம் கட்டி நின்றன. பள்ளியின் பெரிய இரும்புக் கேட்டுக்கு முன்னால் அது போனபோது, வாசலில் நெற்றிச் சூடு பார்க்கிற கருவியோடு நின்ற தாளாளர் கையைத் தாழ்த்திக்கொண்டு, தலையில் போட்டிருந்த தொப்பியைக் கழற்றினார். அன்றைக்குப் பள்ளிக்குள் யாரும் போகவில்லை. மறுநாள் பலர் போனார்கள்; சுஹைல் அடுத்த வருடம் அரசுப் பள்ளிக்குத் தானே கேட்டுப் போனான்; சில வீட்டுப் பிள்ளைகள் எப்போதுமே போகவில்லை. பிரகதி பின்னாளில் தனித்தேர்வராக உட்கார்ந்து பரீட்சைகளை எழுதினாள். ஆனால் அதெல்லாம் அப்புறம்.

அன்றைக்குப் பறவை சேந்தமங்கலம் சாலையில் திரும்பி, சோளக்காடுகளைத் தாண்டி, வெயில் சாய்கிற நேரத்தில் கொல்லிமலையின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் தூவி காய்ந்து பொன்னாகப் பொங்கியிருந்தது. நடையில் தடுமாற்றம் இல்லை. கால் வலித்தவர்கள் வழியிலேயே நின்றுவிட்டதால் கொஞ்சம் பேர்தான் மிச்சம் இருந்தார்கள். அது மரங்களுக்குள் நுழைந்தது. கிளைகள் ஒதுங்கி மூடுகிற சத்தம் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ரோடு அங்கே முடிந்தது. ஒற்றையடிப் பாதை கூட இல்லை; பறவை போன இடத்தில் புல் மட்டும் சாய்ந்திருந்தது.

பிரகதி ரோட்டின் விளிம்பில் நின்றாள். அவள் மாஸ்க் தாடைக்கு இறங்கியிருந்தது, முகமெல்லாம் புழுதி. "அம்மா, அதுக்கு மேல என்னங்க இருக்குது?"

கோகிலவாணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தெரியல கண்ணு" என்றாள். "வா, போய்ப் பாக்கலாம்."